கால் குத்தருது

கணுக்கால் மூட்டில் கீழ்க்கால் எலும்புகள் இரண்டும் கவ்விபோல் அமைய, தாலஸ் என்னும் எலும்பு அதனுள் பொருந்தி நிற்கிறது. இப்பொருத்தத்தின் நுட்பத்தை 1976இல் ராம்சே, ஹாமில்டன் இருவரும் அளந்து காட்டினர். தாலஸ் வெளிப்புறமாக 1 மில்லிமீட்டர் விலகினாலே மூட்டின் தொடுபரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்துவிடுகிறது.

சூரியநெல்லியில் கொழுந்து பறிக்கும் என் அத்தை, சென்ற மழைக்காலத்தில் ஈரச் சரிவில் வழுக்கி விழுந்தார். உள், வெளி, பின் என மூன்று முனைகளும் முறிந்து மூட்டும் நழுவியது. மருத்துவர்கள் உடனே மூட்டை இழுத்து நேராக்கி, வெளியிலிருந்து கம்பிகள் பொருத்தி நிறுத்தினர். வீங்கிய தோலைக் கீறினால் புண் ஆறுவது கடினம். ஆகவே வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழும்வரை பத்து நாள் காத்திருந்தே தகடும் திருகாணிகளும் வைத்தனர்.

அறுவை நன்றாகவே முடிந்தது. வீட்டுக்கு அனுப்புகையில் செவிலியர், "ஆறாழ்ச கால் குத்தருது" என்றார். மலையாளத்தில் கால் குத்துதல் என்றால் பாதத்தைத் தரையில் ஊன்றுதல். தமிழில் குத்துவது முள்ளும் ஊசியும். ஆறு வாரம் அந்தக் காலில் ஊசி குத்தக் கூடாது என்று விளங்கிக்கொண்டு அத்தை தலையசைத்தார். கையிலிருந்த ஆங்கிலத் தாளிலோ 'என்.டபிள்யூ.பி.' என்ற சுருக்கம் மட்டுமே இருந்தது.

மூன்றாம் நாள் அடுப்படிக்குப் போக எழுந்தார். செவிலியர் சொன்னதை அவர் வாயாலேயே கேட்டறிந்த பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி பதறித் தடுத்தாள்: "பெரீம்மா, கால ஊனக் கூடாதுன்னுல்ல சொல்லிருக்காங்க!"

அன்று ஊன்றியிருந்தால் தகடு விலகியிருக்கலாம். சரிவில் நிற்க முடியாத காலோடு கொழுந்து பறிக்க இயலாது.

அத்தைக்கு மலையாளம் தெரியாமல் இல்லை. கடையிலும் பேருந்திலும் பேசுகிறவர்தாம். முற்றிலும் அயலான சொல்லென்றால் பொருள் கேட்டிருப்பார். உறவுமொழிச் சொல் தெரிந்த சொல்லாகவே காதில் விழுந்ததால் ஐயம் எழவில்லை. ஒப்பிலக்கண வகுப்பில் சுவையான எடுத்துக்காட்டாகும் இவ்வகைச் சொற்கள் மருத்துவமனை வாசலில் ஆபத்தாகின்றன.

தமிழில் தொடுதல், மிதித்தல், ஊன்றுதல் என்று படிப்படியான வினைகள் உள்ளன. எலும்பு கூடக்கூட மருத்துவர் அனுமதிக்கும் படிகளும் ஏறத்தாழ இவையே. எல்லைப்புற மருத்துவமனைகள் இவற்றை இரு மொழியிலும் ஒரு தாளில் அச்சிட்டுத் தரலாம். தகடு சரியாக அமர்ந்ததா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க, "வீட்டுக்குப் போய் இந்தக் காலை எப்படி வைத்துக்கொள்வீர்கள், சொல்லுங்கள்" என்று நோயாளியிடம் கேட்டாலே போதும்.