கையொப்பம் இல்லாத ஓவியம்

ஓவியன் தன் படத்தின் மூலையில் பெயர் பொறிப்பது உலக வழக்கு. அப்பெயரையே துறந்த ஓவியர்களும் உண்டு.

1968ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சு நாட்டில் மாணவர் கிளர்ச்சியும் தொழிலாளர் வேலைநிறுத்தமும் ஒன்றாய்க் கலந்தன. பாரிசு நுண்கலைக் கல்லூரியைக் கைப்பற்றிய மாணவர்கள் அதனை 'மக்கள் பட்டறை' ஆக்கினர். முதற் சுவரொட்டியைக் கல்லச்சில் எடுத்தனர். 30 படிகளே தேறின. ஊர்வலங்களுக்கும் தெருச்சுவர்களுக்கும் அவை எம்மாத்திரம்? ஆகவே திரையச்சுக்கு மாறினர். மரச்சட்டத்தில் பட்டுத்துணியை இழுத்துக் கட்டி, வேண்டாத இடங்களை அடைத்து, மையைக் கையால் வழித்துத் தள்ளும் முறை அது. பெரும்பாலும் ஒரே வண்ணம், சில சொற்கள், தொலைவிலிருந்தே விளங்கும் உருவம். ஈரத்தாள்கள் கொடிகளில் உலர்ந்தன.

வரைந்த படத்தை முதலில் அவையின்முன் வைப்பர். கருத்துச் சரிதானா, காண்போர்க்கு விளங்குமா என்று அனைவரும் ஆராய்வர். அவை ஏற்றதே அச்சேறும். புகழை நாடும் இளவயதில், தன் கோட்டைப் பிறர் திருத்த இசைவது எளிதா? ஆயினும் அவர்கள் இசைந்தனர். எந்தப் படத்திலும் எவர் பெயரும் இல்லை.

சூன் இறுதியில் காவலர் புகுந்து பட்டறையை மூடினர். அலங்காரப் பொருளாகலாகாது, தெருவிலேயே வாழவேண்டும் என்று அவர்கள் விரும்பிய தாள்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

குறுந்தொகைப் புலவர் ஒருவரின் இயற்பெயர் மறைந்தது. அவர் படைத்த உவமையே 'செம்புலப்பெயல்நீரார்' என்று அவருக்குப் பெயராயிற்று. பாரிசு ஓவியர்க்கோ அதுவும் வேண்டியதில்லை. சொல்ல வந்தது ஊரைச் சேர்ந்தது. அதுவே அவர்தம் கையொப்பம்.