பொம்மைக்காரத் தெருவில் ஒரு பித்தளைக் குடம்

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காகப் போகிறார்கள். ஸ்வாமி தரிசனம் ஒன்று. பட்டுப் புடவை மற்றொன்று. சென்ற ஆவணி மாதத்தில் நாம் போனது இந்த இரண்டிற்காகவும் அல்ல. மடியில் ஓர் அட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டு, பஸ் குலுங்கும் போதெல்லாம் அதை இரு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் பிரயாணம் செய்தோம். பெட்டிக்குள் வைக்கோல் மெத்தையில் படுத்திருந்தவர்கள் ஒரு மணப்பெண்ணும் ஒரு மாப்பிள்ளையும். கூடவே அவர்களுடைய சீர்வரிசைப் பாத்திரங்கள்.

நம் தாயாருக்குக் கலியாணமான 1974-ஆம் வருஷத்தில், முதல் கொலுவுக்கென்று அவருடைய தகப்பனார் இதே காஞ்சிபுரத்தில் வாங்கிக் கொடுத்த பொம்மைகள் அவை. மணப்பெண் ஒரு சாண் உயரம். அந்தக் கணக்குக்குத் தவறாமல் குடம் இரண்டு அங்குலம், குத்துவிளக்கு ஐந்து அங்குலம். ஒரு நிஜக் கலியாணக் கூடத்தை ஏழில் ஒரு பங்காகச் சுருக்கி வைத்தாற்போல் இருக்கும்.

நாம் செய்த குற்றத்தை இங்கே ஒப்புக்கொண்டு விடுகிறோம். இரண்டு வருஷங்களுக்கு முன்பு, பாத்திரங்கள் மங்கிவிட்டன என்று நமக்குத் தோன்றிற்று. கடையில் ஒரு சிறு டப்பா தங்க வர்ணம் வாங்கி, குடம், அண்டா, விளக்கு, மணப்பெண்ணின் காசுமாலை எல்லாவற்றிற்கும் ஒரே சீராகப் பூசினோம். அன்று பளபளவென்று ஜொலித்தது உண்மைதான். ஆனால் அது பித்தளையின் பளபளப்பும் அல்ல, பொன்னின் பளபளப்பும் அல்ல. மிட்டாய் சுற்றிய காகிதத்தின் பளபளப்பு. அடுத்த வருஷம் பெட்டியைத் திறந்தபோது அதுவும் போய், பாசி படிந்தது போன்ற ஒரு பச்சை நிறம் வந்திருந்தது. தாயார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எப்போதும் மூன்றாம் படியின் நடுவில் வைக்கும் அந்தப் பொம்மைகளைக் கடைசிப் படியின் ஓரத்தில், மரப்பாச்சிக்குப் பின்னால் வைத்துவிட்டார். அந்த மௌனம்தான் நம்மைக் காஞ்சிபுரத்துக்குத் துரத்தியது.

சின்னக் காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றிய பகுதியில் இருக்கிறது பொம்மைக்காரத் தெரு. நவராத்திரிக்கு முந்திய மாதங்களில் அங்கே திண்ணையிலும் வாசலிலும் தெய்வங்களும் மனிதர்களும் வரிசையாக வெயில் காய்வார்கள். தலை இல்லாத லக்ஷ்மி ஒரு பக்கம், கண் திறக்காத விநாயகர் ஒரு பக்கம். களிமண்ணிலும் காகிதக் கூழிலும் அச்சில் அழுத்தி எடுத்து, இரண்டு பாதிகளை ஒட்டிக் காயவைத்து, வெள்ளை பூசி, அதன் மேல் வர்ணம் தீட்டுகிறார்கள். 1979-க்குப் பிறகு 2019-ல் அத்தி வரதர் குளத்திலிருந்து எழுந்தருளினார் அல்லவா? அவரும் இப்போது இந்தத் திண்ணைகளில் பல அளவுகளில் சயனித்திருக்கிறார்.

நாம் தேடிப் போன பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். குடத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்க ஐயா இதுக்கு வர்ணம் அடிச்சது?"

உண்மையைச் சொன்னோம். பெரியவர் சிரித்தார், ஆனால் ஏளனமாகச் சிரிக்கவில்லை.

டப்பாவில் வரும் தங்க வர்ணம் பலவற்றில் தங்கம் ஒரு பொட்டும் கிடையாது. செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத்தை மிக மெல்லிய செதில்களாக இடித்து எண்ணெயில் குழைத்தது அது. செம்பு மிகுந்தால் சிவந்த பொன்னாகவும், துத்தநாகம் மிகுந்தால் வெளிறிய பொன்னாகவும் தோன்றும். அந்தச் செதில்கள் மேலே மிதந்து, மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கொள்வதால்தான் பளபளப்பு. காற்றும் ஈரமும் எண்ணெயின் புளிப்பும் பட்டால், செம்பு கறுக்கும் அல்லது பச்சை பூக்கும். சுண்ணாம்பும் புளியும் அறிந்த நம் வீட்டு ஸ்திரீகளுக்கு இது புதிய சாஸ்திரம் அல்ல. படித்துப் பட்டம் வாங்கிய நமக்குத்தான் தெரியாமற் போயிற்று. இப்போது அப்பிரகத் துகளின் மேல் நிறமேற்றிச் செய்யும் தங்க வர்ணங்களும் வருகின்றன. அவை கறுப்பதில்லை. ஆனால் துகள் பெரிதாயிருந்தால், இரண்டங்குலக் குடத்தின் மேல் அது மணல் தூவினாற்போல் மின்னும் என்பது பெரியவரின் குறை.

பேசிக்கொண்டே அவர் பஞ்சை டர்ப்பன்டைனில் தோய்த்துக் குடத்தின் வயிற்றை மெள்ள மெள்ள ஒற்றினார். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். நமது தங்கம் அழுக்காகப் பஞ்சில் வந்தது. அதற்கடியில் பழைய வார்னிஷ். வார்னிஷுக்கு அடியில், அம்பது வருஷத்துக்கு முந்திய குடம்.

அதில் உலோகப் பொடியே இல்லை! வெறும் மஞ்சட்காவி, கபில நிறம், வெள்ளை. வயிற்றில் ஒரு பக்கம் மஞ்சள் வெளுத்துக்கொண்டே போய் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளியில் முடிந்திருந்தது. கழுத்தின் மடிப்பிலும் அடிவட்டத்திலும் பச்சை கலந்த பழுப்பு.

"புளி போட்டுத் தேய்ச்ச குடத்தைப் பார்த்திருக்கீங்களா, ஐயா? வயிறு மின்னும். கழுத்து மடிப்புல விரல் போகாது, அங்கே கறுப்பு நிக்கும். அந்தக் கறுப்பைப் போடலேன்னா அது பித்தளை இல்லே. பொன்னுக்கு அழுக்கு ஆகாது. பொன் மடிப்புல சிவப்பு நிழல் விழும்."

எவ்வளவு நுட்பமான பேச்சு! பொன் நகையின் குழிகளில் ஒளி ஒரு பக்கத்தில் பட்டு மறுபக்கத்தில் மோதி, மோதுந்தோறும் சிவந்து ஆழ்கிறது என்பதைப் பௌதிக நூல் நமக்குச் சொல்லும். அதைக் கண்ணால் கண்டு கையால் செய்தவர் இந்தத் தெருவில் பெயர் தெரியாமல் இருந்திருக்கிறார். தஞ்சாவூர்ப் படங்களில் நிஜத் தங்க ரேக்கை ஒட்டுகிறார்கள். அது ஒரு வழி. ரவிவர்மா (1848–1906) எண்ணெய் வர்ணங்களைக் கொண்டே சரிகையையும் சங்கிலியையும் மின்ன வைத்தார். அது மற்றொரு வழி. நம் குடத்தைத் தீட்டியவர் இரண்டாவது வழியைச் சேர்ந்தவர்.

பாத்திரங்கள் ஒவ்வொன்றாக மீண்டன. மணப்பெண்ணின் காசுமாலையில்தான் சங்கடம் வந்தது. அங்கே வார்னிஷ் முன்பே தேய்ந்து போயிருந்ததால், நம் தங்கம் பழைய வர்ணத்தோடு ஒன்றிப் போயிருந்தது. பஞ்சு பட்டதும் இரண்டும் சேர்ந்தே உரிந்தன. பெரியவர் கையை நிறுத்தினார்.

"இது போயிடுச்சுங்க. நான் போட்டாலும் என் கைதான் தெரியும், அவர் கை வராது."

போடச் சொன்னோம். முதலில் செங்காவி பூசினார். "காயட்டும், கோயிலுக்குப் போய்ப் பல்லியைப் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

வரதராஜர் கோயிலில் விதானத்தில் இருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொடுவதற்குக் கூட்டம் வரிசையில் நின்றது. தொட்டால் தோஷம் நீங்கும் என்பது நம்பிக்கை. நாம் தோஷத்தை மறந்து, எந்த இடத்தில் கை படுகிறது, எந்த இடத்தில் நிழல் நிற்கிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் நின்ற அம்மாள் ஒருவர், "கொஞ்சம் நகருங்களேன்" என்று கண்டித்தார்.

திரும்பி வந்தபோது காசுமாலை முடியும் தறுவாயில் இருந்தது. செங்காவியின் மேல் நைஸான பொன்பொடி, பள்ளங்களில் சிவந்த பழுப்பு, ஒவ்வொரு காசின் விளிம்பிலும் ஊசி முனை அளவு வெளிர் மஞ்சள். எல்லாவற்றிற்கும் மேல் வார்னிஷ். கூலியாக அவர் கேட்டது நாம் வாங்கிய தங்க டப்பாவின் விலையைவிடச் சற்றே அதிகம். கூடக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்.

அன்றிரவு வீட்டில் தாயார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தார். குடத்தை எடுத்து, கழுத்து மடிப்பில் விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் புளி போட்டிருக்கலாம்" என்றார்.

பிறகு மணப்பெண்ணைக் கையில் எடுத்தவர் வெகுநேரம் பார்த்தார். "மாலை வேறே" என்று மட்டும் சொன்னார். நவராத்திரியில் மூன்றாம் படியின் நடுவில் பழையபடி அந்தக் கலியாணக் கோஷ்டி அமர்ந்தது. குத்துவிளக்கை மட்டும் மணப்பெண்ணுக்கு முன்னால், மார்பை மறைக்கும்படி, சற்றே தள்ளி வைத்திருந்தார்.