முந்நூற்று அறுபது மூட்டுகளின் நன்றி

ஒளூச் செய்கையில் ஈர விரல்களால் காது மடல்களைத் தடவுகிறோம். விரல் அழுத்தினால் மடல் மடங்குகிறது. விட்டவுடன் பழைய நிலைக்கு நிமிர்கிறது. உள்ளே இருப்பது எலும்பன்று, குருத்தெலும்பு. எலாஸ்டின் என்னும் மீள் இழைகள் அதில் வலைபோல் பின்னியிருப்பதால் இந்த நெகிழ்வு. விழுங்கும்போது மூச்சுப் பாதையை மறைக்கும் குரல்வளை மூடியும் இவ்வகையே.

முழங்காலில் இருப்பது வேறு வகை. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும், சில மில்லிமீட்டர் தடிப்பே உள்ள வழவழப்பான உறை அது. அதன் எடையில் 65 முதல் 80 சதவீதம் வரை நீர். இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அதனுள் இல்லை. பாரம் அழுத்தும்போது நீர் வெளியேறுகிறது. பாரம் நீங்கியதும் மூட்டுத் திரவம் உள்ளே ஊறுகிறது. ஊட்டம் சேர்வது அவ்வழியேதான். அளவான அசைவே அதற்கு உணவு. இரத்தம் எட்டாததால், தேய்ந்த பகுதி முன்போல் வளர்வது அரிது. நரம்பில்லாததால் தேய்மானத்தின் தொடக்கம் வலியாகத் தெரிவதுமில்லை.

சின்னசேலத்தில் வாழும் என் தாயாருக்கு வலி தெரிந்தபோது தேய்மானம் முற்றியிருந்தது. தரையில் அமர வேண்டாமென்றார் மருத்துவர். “நாற்காலியில் உட்கார்ந்தா ரப்பைத் தொழுவது?” என்று அம்மா கலங்கினார். ஒவ்வொரு சுஜூதிலிருந்தும் சுவரைப் பிடித்து எழுந்தார். வலியைவிட, தம் தொழுகை குறைந்துபோகுமோ என்ற அச்சமே அவரை வாட்டியது.

மூல நோயால் அவதியுற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகை பற்றிக் கேட்டபோது, நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதற்கும் இயலாவிடில் விலாப்புறம் சாய்ந்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஸஹீஹுல் புகாரீ பதிவு செய்கிறது. எங்கள் ஊர் ஆலிம் இதனை விளக்கி, “நிற்க முடிந்த அளவு நில்லுங்கள், முடியாததற்கு மட்டும் அமருங்கள். சலுகையும் அல்லாஹ் தந்ததுதானே!” என்றார். அம்மாவின் முகம் தெளிந்தது.

நம் வீட்டு முதியோர் நாற்காலியை நாடுவதைச் சோம்பல் என்று எண்ண வேண்டாம். மனிதன் முந்நூற்று அறுபது மூட்டுகளுடன் படைக்கப்பட்டுள்ளான் என்றும், காலைதோறும் ஒவ்வொரு மூட்டுக்கும் தர்மம் கடமை என்றும், அதற்கு இரண்டு ரக்அத் ளுஹாத் தொழுகை போதுமானது என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் வரும் நபிமொழிகள் கூறுகின்றன. அம்மா இப்போது அந்த இரண்டு ரக்அத்தை அமர்ந்தே தொழுகிறார். தேய்ந்த மூட்டுகளுக்கும் சேர்த்தே நன்றி செலுத்துகிறார், அல்ஹம்துலில்லாஹ்.