திருத்திய பிழையின் கணக்கு

சேர்வர் பார்த்துக்கொள்பவர்களிடம் கேர்னல் தரும் எண்களில் முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டால், சிபியூ எவ்வளவு ஓடுகிறது, ரேம் எவ்வளவு மிச்சம், டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்றுதான் சொல்வார்கள். 2006 முதல் லினக்ஸ் கேர்னலுக்குள் இருக்கும் 'ஈடாக்' என்ற பகுதி வேறு இரண்டு எண்களை வைத்திருக்கிறது: ரேமில் திருத்தப்பட்ட பிழை எத்தனை, திருத்த முடியாமல் போனது எத்தனை. இயந்திரம் ஒருமுறை விழுந்து எழுந்த பிறகுதான் இவற்றைத் தேடுவார்கள். அதற்குள் காலம் கடந்துவிடும். வன்பொருள் பிழையிலிருந்து மீள்வது பிழை நடந்த கணத்தில் கேர்னல் காட்டும் சாமர்த்தியம் என்று நினைக்கிறோம். அந்த வேலையின் பெரும்பகுதி அதற்கு முந்திய வாரங்களில் அது எழுதிவைத்த கணக்கிலேயே முடிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பிழையைத் தானே திருத்தும் ஈசிசி ரேமில் 64 பிட் தரவுக்கு 8 பிட் காவல் உண்டு. ஒரு பிட் புரண்டால் அது எந்த பிட் என்று கண்டுபிடித்துத் திருப்பிப் போட்டுவிடும். இரண்டு புரண்டால் பிழை என்று மட்டும் சொல்லும், திருத்தத் தெரியாது. திருத்திய விஷயம் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது. புரொசெசருக்குள் இருக்கும் மெஷின் செக் பதிவேட்டில் ஒரு குறிப்பு விழும், அவ்வளவுதான். லினக்ஸ் வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தப் பதிவேட்டைப் போய்ப் பார்க்கிறது. ஏதாவது கிடைத்தால் அடுத்த தடவை பாதி நேரத்திலேயே போகும். கிடைக்காவிட்டால் பழைய நிதானத்துக்குத் திரும்பும். கிடைத்ததை எந்த ஸ்லொட், எந்த முகவரி என்று எழுதிவைக்கும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கும் சாக்குக்கும் கிலோ கழிப்பார்கள். கழித்ததை எழுதாமல் மிச்சத்தை மட்டும் எழுதினால், பிழை தராசிலா கையிலா என்று மாதக் கடைசியில் யாரும் கேட்க முடியாது. ஈசிசி திருத்தி கேர்னல் எழுதாத ரேமும் அப்படித்தான்.

திருத்தியாயிற்றே, பிறகு ஏன் எண்ணவேண்டும் என்று கேட்பார்கள். இதற்கு 2009 இல் பியாங்கா ஷ்ரோடரும் கூகிள் பொறியியலாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வு பதில் சொல்கிறது. கூகிளின் சேர்வர்களில் ஆண்டொன்றுக்கு 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம் அட்டைகள் குறைந்தது ஒரு பிழையாவது கண்டன. திருத்திய பிழை காட்டிய அட்டையில் திருத்த முடியாத பிழை வரும் வாய்ப்பும் பல மடங்கு கூடியிருந்தது. கூடவே, விண்கதிர் மேல் பழிபோடும் வழக்கத்தையும் அந்த ஆய்வு கேள்வி கேட்கிறது. விண்கதிரால் நினைவக பிட் புரளலாம் என்று 1979 இல் சீக்லரும் லான்ஃபோர்டும் எழுதியது உண்மை. எங்கள் மலையக ஊரான நோர்வூட் ஆயிரம் மீட்டருக்கு மேலே இருப்பதால் கொழும்பைவிட இங்கே விண்கதிர் கிளப்பிவிடும் நியூத்திரன் அதிகம் என்பதும் உண்மை. ஆனால் புவிகாந்த நடுக்கோடு நமக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. ஆற்றல் குறைந்த கதிர்களை அந்தக் காந்தப்புலம் இங்கே நன்றாகவே தடுத்துவிடுகிறது. அதைவிட முக்கியம், பெரும்பாலான பிழைகள் சிப்பிலேயே உள்ள பழுதால் வருபவை என்பது ஆய்வின் முடிவு. வெப்பம்கூடப் பெரிய வித்தியாசம் செய்யவில்லையாம். குளிரான ஊர், ரேமுக்கு நல்லது என்று நம்பியிருப்பவர்கள் கவனிக்க. கதிர் அடித்தால் ஒருமுறை, ஏதோ ஓரிடத்தில் புரளும். சிப் சாகத் தொடங்கினால் அதே முகவரியில் திரும்பத் திரும்பப் புரளும். ஒற்றைப் பிழையைப் பார்த்து இது எந்த வகை என்று எவராலும் சொல்ல முடியாது. முகவரியோடு சேர்ந்த கணக்கு சொல்லும்.

கணக்கு இருந்தால் என்ன செய்யலாம்? 2005 இல் வந்த சொலாரிஸ் 10, இவ்வளவு நேரத்துக்குள் இத்தனை பிழை என்ற வரம்பு தாண்டிய நினைவகப் பக்கத்தைத் தானே ஒதுக்கிவிடும். 2009 இறுதியில் வெளியான லினக்ஸ் 2.6.32 இல் ஆண்டி கிளீன் முதலானோர் எழுதிய 'எச்டபிள்யூபொய்சன்' சேர்ந்தது. திருத்த முடியாத பிழை விழுந்த 4 கிலோபைட் பக்கம் யாருடையது என்று அது முதலில் பார்க்கிறது. டிஸ்க்கில் அதே பிரதி இருந்தால் பக்கத்தை எறிந்துவிட்டு மறுபடி வாசித்துக்கொள்ளும். ஒரு புரோகிராமின் சொந்தத் தரவு என்றால் அந்தப் புரோகிராமை மட்டும் நிறுத்தும். கேர்னலின் சொந்தப் பக்கம் என்றால் அதனால் மீட்க முடியாது; கேர்னல் அதைத் தொட்டால் இயந்திரமே நின்றுவிடும். ஓடுகிற புரோகிராமைக் கொல்வது என்ன மீட்பு என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். சம்பளப் பட்டியல் போடும் புரோகிராமை நினைத்துப் பாருங்கள். அது பாதியில் நின்றால் திரும்ப ஓட்டலாம். ஈபிஎப் கணக்கில் ஓர் இலக்கம் மாறி, அது டிஸ்க்கிலும் பேக்கப்பிலும் ஏறிவிட்டால், தொழிலாளி ஓய்வுபெறும் நாளில்தான் வெளிச்சத்துக்கு வரும். நிறுத்துவதே சரி.

எண்ணுவதற்கும் செலவுண்டு என்பது நியாயமான முறைப்பாடு. கெட்டுப்போன அட்டை ஒன்று பிழைக்குப் பிழை இன்டரப்ட் எழுப்பினால் இயந்திரம் அதிலேயே மூச்சுத்திணறும். கேர்னல் எழுதுபவர்கள் இதை அறிவார்கள். இன்டரப்ட் மழையாகப் பொழிந்தால் கேர்னல் அதை அடைத்துவிட்டு, பழையபடி இடையிடையே போய்ப் பார்க்கும் முறைக்கு மாறிவிடுகிறது.

என்னைக் கொஞ்சம் திணறவைக்கும் கேள்வி வேறு. நோர்வூட் போன்ற ஊரில் கடையிலும் அலுவலகத்திலும் இருப்பவை பெரும்பாலும் ஈசிசி இல்லாத சாதாரண டெஸ்க்டொப்கள். அவற்றுக்கு இந்தக் கதையெல்லாம் எதற்கு? சாதாரண கணினிகளுக்கு ஈசிசி எட்டாமல் போனதற்கு இன்டெல்தான் பொறுப்பு என்று 2021 இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே சாடினார். அப்படிப்பட்ட இயந்திரத்தில் பிழை எண்ணிக்கை காட்டப்படாது, காட்டினாலும் அந்தப் பூச்சியத்துக்குப் பொருள் இல்லை. எண்ண ஆளே இல்லையே. ஈசிசி உள்ள சேர்வரிலும் இன்னொரு பூச்சியம் உண்டு. ஈடாக் கணக்கு ரேமிலேயே இருப்பதால் கரண்ட் போய் வந்ததும் அழிந்துவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாடு இலங்கை. அன்றாடம் அணைந்து எழும் சேர்வரில் அந்த எண் கூடுவதற்கே நேரம் கிடைக்காது. 'ராஸ்டீமன்' போன்ற புரோகிராமைப் போட்டு ஒவ்வொரு பிழையையும் டிஸ்க்கில் எழுதிக்கொண்டால்தான் போன மாதத்துப் பிழையும் இந்த மாதத்துப் பிழையும் ஒரே முகவரியா என்று ஒப்பிட முடியும்.

டெஸ்க்டொப்காரருக்கு மிஞ்சுவது, டிஸ்க் தன் பிழைகளைத் தானே எண்ணிவைக்கும் 'ஸ்மார்ட்' கணக்கு. டிஸ்க் அதைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால் கரண்ட் போனாலும் அழியாது. கூகிளின் 2007 ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை காட்டிய டிஸ்க்குகள் அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. ஆனால் செத்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு அடையாளங்களில் எதையுமே காட்டாமல் செத்தன. அப்படியானால் இந்தக் கணக்கை நம்பி என்ன பயன் என்று கேட்கலாம். எண் ஏறினால் நம்பலாம், அன்றைக்கே டிஸ்க்கை மாற்றலாம். பூச்சியமாக நின்றால் அது நமக்கு எதையும் சொல்லவில்லை, பேக்கப் எடுப்பதைத் தவிர வழியில்லை. அந்தப் பேக்கப்பும் வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இந்த மலையில் இறங்கும் இடி, ஒரே பிளக்பேஸில் செருகியிருக்கும் இரண்டு டிஸ்க்கையும் ஒன்றாகவே கொண்டுபோய்விடும்.