தெர்மோகோல் தூங்குகிறது

அம்பத்தூர் எஸ்டேட்டில் டன்லப் ஸ்டாப்பிங்கில் இறங்கினால் மூக்கே வழி சொல்லும். கட்டிங் ஆயில், பெயிண்ட், சுடச்சுட இரும்பு... எல்லாவற்றையும் தாண்டி ஒரு சந்தில் நண்பரின் தெர்மோகோல் ஷெட். பி.காம். படித்தவனுக்கு அங்கே என்ன வேலை? "காத்தை வித்துக் காசாக்கறேன், வந்து பாரு" என்று கூப்பிட்டிருந்தார்.

உண்மைதான். தெர்மோகோலில் நூற்றுக்குச் சுமார் 98 பங்கு இடத்தைக் காற்றுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது! மீதிதான் பாலிஸ்டைரீன். லாரி நிறைய ஏற்றினாலும் எடை சில நூறு கிலோதான்; வாடகை மட்டும் முழு லாரிக்கு. அதனால் மூலப்பொருளை மூட்டையில் வரவழைத்து, வாடிக்கையாளரின் வாசலுக்குப் பக்கத்தில் பொங்க வைக்கிறார்கள். காமர்ஸ் மூளைக்கு இதுவரை சுலபமாக ஏறியது.

மூட்டையில் இருப்பது ரவை மாதிரி மணிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் 5, 6 சதவீதம் பென்டேன் ஒளிந்திருக்கிறது. 36 டிகிரியிலேயே கொதிக்கிற ஆசாமி. ஆனால், பிளாஸ்டிக் இறுகி இருக்கும்வரை வாலாட்ட முடியாது. (மானேஜர் ஸீட்டில் இருக்கும்போது நாம் இருப்போமே, அப்படி.) சுமார் 100 டிகிரி நீராவி பட்டதும் பிளாஸ்டிக் இளகுகிறது. தண்ணீராக ஓடாது, அல்வாப் பதம். உள்ளே நுண்குமிழிகள் கிளம்பிப் பருக்கின்றன. தண்ணீரில் என்றால் குமிழி பட்டென்று உடைந்துவிடும். இங்கே சுற்றிலும் பிசின் மாதிரிச் சுவர். நீளும், ஆனால் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டுதான் குமிழியைக் காப்பாற்றுகிறது. சூடு மிஞ்சினால் சுவர் மெலிந்து கிழிந்து, மணி சப்பிப் போகும். குறைந்தால் பொங்கவே பொங்காது. கண்ணெதிரே ரவை வெந்த ஜவ்வரிசியாகிவிட்டது. கொள்ளளவில் 40 மடங்கு!

வாசலில் லாரி நின்றது. ஒரு மோட்டார் கம்பெனிக்குச் சாயங்காலமே பெட்டிகள் போகவேண்டும்.

"அப்படியே அச்சுல போட்டுடுங்கண்ணே" என்றார் நண்பர்.

மெஷின் பார்க்கும் பெரியவர், நண்பரின் அப்பா காலத்து ஆள், அசையவில்லை. "ராத்திரி தூங்கட்டும் தம்பி. இப்பப் போட்டா பெட்டி குழிஞ்சுரும்."

தூக்கமா? ஆமாம். மணி ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி அடங்கி, குமிழிக்குள் அழுத்தம் குறைந்துவிடுகிறது. வெளிக்காற்று சுவர் வழியே மெல்ல ஊறி உள்ளே போய் அதை நிரப்பப் பல மணி நேரம் ஆகும். அதுவரை பெரிய பெரிய துணிப் பைகளில் கிடக்கவேண்டும். ஒரு பைக்குள் கை விட்டேன். எடையே தெரியவில்லை, முழங்கை வரை ஒட்டிக்கொண்டு வந்தது. தூங்கி எழுந்த மணிகளைத்தான் அச்சில் கொட்டி, மறுபடி நீராவி விட்டு, ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெட்டியாக்குவார்கள்.

நண்பர் கால்குலேட்டரைத் தட்டினார். லேட்டானால் பில்லில் பிடித்தம். குழிந்த பெட்டி போய் ஒரு மோட்டார் உடைந்தால் ஆர்டரே காலி. தெர்மோகோல் தட்டும் வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர் அவர். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் அதற்குத் தடை வந்தபின் இந்த மோட்டார் கம்பெனிதான் சோறு போடுகிறது. பெரியவருக்கும்தான்.

நேற்றே தூங்கப் போட்ட மணிகள் பாதி லோடுக்குத்தான் வந்தன. லாரி அதோடு கிளம்பியது. "மீதி காலையில ஸார்... நீங்க டிபன் சாப்பிடறதுக்குள்ள..." என்று நண்பர் போனில் குழைந்துகொண்டிருக்க, பெரியவர் நீராவி வால்வை இறுக்கிவிட்டு டீ குடிக்கப் போனார்.