நிலத்தை விற்று அனுப்பலாமா? ஏம்ஸ் ஊரைப் பார்த்துவிட்டு ஒரு பதில்

அமெரிக்கா கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, எங்கள் வட்டாரத்து விவசாயி ஒருவர் வீட்டுக்கு வந்தார். மஞ்சள் பையில் முருங்கை விதை. "பாப்பா அங்க நட்டு வச்சுக்கட்டும் சார்" என்றார். முன் அனுமதி இல்லாமல் விதையை அந்த நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பனியில் முருங்கை பிழைக்காது என்பது வேறு விஷயம். ஆனால், அவர் வந்தது விதைக்காக இல்லை.

"என் பையனுக்கும் அதே ஊர்ல எம்.எஸ். படிக்க இடம் கிடைச்சிருக்கு. ஜனவரியில சேரணும். ரெண்டு ஏக்கரை வித்துடலாம்னு இருக்கேன். நீங்க பார்த்துட்டு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க சார். அதுவரைக்கும் அட்வான்ஸ் வாங்கல."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இரண்டு மாதமும் ஊரைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்த்தேன்.

ஊரின் பெயர் ஏம்ஸ். அயோவா மாநிலத்தின் நடுவில் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 66,000. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள். என் மகள் அங்கே பயிர் நோயியலில் ஆராய்ச்சி செய்கிறாள். பெரிய கட்டடங்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். கடைத்தெருவைத் தாண்டிப் பத்து நிமிடம் போனால் மக்காச்சோளமும் சோயாவும்தான், கண்ணுக்கு எட்டியவரை.

அங்கே கார் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 'சைரைடு' என்ற சிவப்புப் பேருந்து 1976 முதல் ஓடுகிறது. அதற்கான பணத்தைப் படிப்புக் கட்டணத்தோடு வாங்கிவிடுவதால், மாணவர்கள் அட்டையைக் காட்டி ஏறிக்கொள்ளலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கிறார்கள். பொது நூலகத்துக்குள் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். நானே பல நாள் உட்கார்ந்திருக்கிறேன். ஊருக்கு வடக்கே பழைய ஜல்லிக் குழியை ஏரியாக்கி, சுற்றிலும் நடைபாதை போட்டிருக்கிறார்கள். தாவரவியல் அறிஞர் ஏடா ஹேடனின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர்தான்.

என்னை அசைத்துப் பார்த்தது வேறொன்று. மகளின் துறையில் பயிர் நோய், பூச்சிகளைக் கண்டறியும் மையம் இருக்கிறது. ஒருநாள் அங்கே ஒரு பாட்டி, பிளாஸ்டிக் பையில் பழுத்த தக்காளி இலைகளோடு வந்து நின்றார். சிறு கட்டணம் கட்டி, படிவம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வீட்டுத் தோட்டத்துச் செடிக்கு ஒரு பல்கலைக்கழகம் பதில் சொல்கிறது. எங்கள் அலுவலகத்துக்கு 20 கிலோமீட்டர் பேருந்தில் வருகிற விவசாயி, நான் மீட்டிங்குக்குப் போயிருக்கிறேன் என்று கேட்டுவிட்டு இலையைக் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்புவது நினைவுக்கு வந்தது.

இந்தப் பழக்கம் அங்கே நேற்று வந்தது அல்ல. 1862-ல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் நிலம் கொடுத்து, அதை விற்ற பணத்தில் வேளாண்மையும் தொழில்நுட்பமும் சொல்லித்தரும் கல்லூரி நடத்தச் சொன்னது. (அது பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.) அந்தச் சட்டத்தை முதலில் ஏற்றுக்கொண்ட மாநிலம் அயோவா. 1904-ல் பெர்ரி ஹோல்டன் என்ற பேராசிரியர் ரயிலிலேயே வகுப்பு வைத்து, நல்ல மக்காச்சோள விதையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். இன்றைக்கு அந்த மாநிலத்தின் 99 மாவட்டங்களுக்கும் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணி போகிறது.

அடிமையாகப் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1891-ல் சேர்ந்ததும் இங்கேதான். இங்கே படித்த முதல் கறுப்பின மாணவர், பிறகு முதல் கறுப்பின ஆசிரியர். 1896-ல் தெற்கே டஸ்கீகி போய், பருத்தி போட்டுப் போட்டுச் சத்திழந்த மண்ணில் நிலக்கடலை போடச் சொன்னார். குதிரை வண்டியைப் பள்ளிக்கூடமாக்கி விவசாயிகளிடம் அனுப்பினார். விரிவாக்க வேலையில் முப்பது வருடம் கழித்துவிட்ட எனக்கு, அவர் பெயர் தாங்கிய கட்டடத்தின் முன்னால் நின்றது கோயிலுக்குப் போனமாதிரி இருந்தது.

அதற்காக எல்லாம் தங்கம் என்று சொல்லமாட்டேன். அந்த மாநிலத்தில் ஒரு பண்ணை சராசரியாக 350 ஏக்கர். அக்டோபரில் அறுவடை பார்த்தேன். அத்தனை பெரிய வயலில் ஒரு இயந்திரம், ஒரு வண்டி, இரண்டு ஆள். பேச்சுக்குரல் இல்லை. அது ஒருகாலத்தில் சதுப்பாகக் கிடந்த நிலம். நாம் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவருகிறோம்; அவர்கள் மண்ணுக்கடியில் குழாய் புதைத்துத் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். போட்ட உரத்தின் நைட்ரேட்டும் அதோடு ஆற்றுக்குப் போகிறது. 50 கிலோமீட்டருக்குத் தெற்கே உள்ள தலைநகர் டெ மாயினில், குடிநீரிலிருந்து நைட்ரேட்டை நீக்கவே தனி ஆலை வைத்திருக்கிறார்கள். யூரியாவை அள்ளி வீசுகிற நம்மவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

குளிரும் தனிமையும் உண்டு. நவம்பரிலேயே நான்கரை, ஐந்து மணிக்கு இருட்டிவிடுகிறது. ஜனவரியில் சில நாள் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகுமாம். "முதல் வருஷம் ஞாயிற்றுக்கிழமைதான்ப்பா கஷ்டம்" என்றாள் மகள். இதைப் போனில் ஒருநாளும் அவள் சொன்னதில்லை.

இனி, பணம். என் மகள் ஆராய்ச்சி உதவியாளர். அதனால் படிப்புக் கட்டணத்தை நாங்கள் கட்டவில்லை. மாதாமாதம் உதவித்தொகையும் வருகிறது. வேளாண் ஆராய்ச்சிப் படிப்புகளில் இப்படிப் பலருக்குக் கிடைக்கிறது. வெறும் பாடங்களை மட்டும் படிக்கிற எம்.எஸ். என்றால் பெரும்பாலும் கைக்காசுதான். கட்டணம், வாடகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் டாலரில். மாணவர் விசாவில், படிப்பு நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம். அதை வைத்துக் கட்டணத்தையும் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஊர் திரும்பியதும் அவர் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். பையனின் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தேன். சேர்க்கை உண்டு, உதவித்தொகை பற்றி ஒரு வரி இல்லை.

"ஊர் நல்ல ஊருங்க. பையன் பிழைச்சுக்குவான். ஆனா இந்தக் கடிதத்துக்கு நிலத்தை விக்காதீங்க" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. பையன் முகம் வாடிவிட்டது. சேர்க்கையை ஆகஸ்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்கவும், அவன் விரும்பும் துறையில் ஆராய்ச்சி செய்கிற பேராசிரியர்களுக்கு எழுதவும் அன்று இரவே உட்கார்ந்தோம். பதினொரு பேருக்கு எழுதினான். இதை நான் எழுதும் வரை இரண்டு பேர் பதில் போட்டிருக்கிறார்கள். ஒருவர் இடமில்லை என்றார். இன்னொருவர் மதிப்பெண் பட்டியலைக் கேட்டிருக்கிறார். அந்த இரண்டு ஏக்கரில் இப்போது நிலக்கடலை போட்டிருக்கிறார்கள்.