இன்னொரு செயலியா?

அன்று வெள்ளிக்கிழமை. இரவு உணவு முடிந்து மகள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுடைய திறன்பேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தவள், துணியை அப்படியே மேசைமேல் போட்டுவிட்டுத் தாயாரிடம் ஓடினாள்.

"அம்மா, நான் இந்தச் செயலியில் சேரட்டுமா? வகுப்பில் எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள்."

அது 2022ஆம் ஆண்டின் பிற்பகுதி. மகள் அப்போது உயர்நிலை இரண்டில் படித்துக்கொண்டிருந்தாள். அவளது திறன்பேசியில் வாட்ஸ்அப் இருந்தது, இன்ஸ்டகிராமும் இருந்தது. வகுப்புக் குழு, இந்திய நடனக் குழு, உறவினர் குழு என்று ஏற்கெனவே பல குழுக்களின் செய்திகள் நாள்தோறும் வந்து குவிந்தன. இப்போது வந்திருந்தது 'பீரியல்' என்ற செயலியில் சேரும்படி ஒரு தோழி அனுப்பிய அழைப்பு.

"எல்லாரும் என்றால் எத்தனை பேர்? பெயரைச் சொல், எண்ணிப் பார்ப்போம்," என்றார் அம்மா.

மகள் விரல்விட்டு எண்ணினாள். ஏழு பேர் தேறினார்கள். வகுப்பிலோ முப்பத்தெட்டுப் பேர். பதின்ம வயதில் 'எல்லாரும்' என்ற சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள். ஆனால், அந்த ஏழு பேரும் யாரோ எவரோ அல்லர். இடைவேளையில் ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிடுபவர்கள்.

அம்மா 'வேண்டாம்' என்று சொல்வதற்காக வாயைத் திறந்தார். அதற்குள் மகள் தலையைக் குனிந்துகொண்டு, "போன வாரம் ஒரு தோழிக்குப் பிறந்தநாள். மூன்று பேர் சேர்ந்து போய்க் கேக் வெட்டியிருக்கிறார்கள். எனக்குத் திங்கட்கிழமைதான் தெரியும்," என்றாள்.

அதற்குப் பிறகு 'வேண்டாம்' என்ற சொல் அம்மாவின் வாயிலிருந்து அவ்வளவு எளிதாக வரவில்லை.

அந்தச் செயலி எப்படி இயங்குகிறது என்று மகள் விளக்கினாள். பிரான்சில் 2020இல் தொடங்கப்பட்டது அது. நாள்தோறும் ஒரு முறை, யாரும் எதிர்பாராத நேரத்தில், வட்டாரத்தில் உள்ள எல்லாருக்கும் ஒரே சமயத்தில் அறிவிப்பு வரும். இரண்டே நிமிடங்களுக்குள் படம் எடுக்க வேண்டும். திறன்பேசியின் முன்பக்கக் கேமராவும் பின்பக்கக் கேமராவும் சேர்ந்து படம் பிடிக்கும். எடுப்பவரின் முகமும் தெரியும், அவர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியும். முகத்தை அழகுபடுத்திக் காட்டும் வசதி கிடையாது. நேரம் தவறினால் எவ்வளவு தாமதம் என்பதைச் செயலி காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை முறை திரும்பத் திரும்ப எடுத்தோம் என்பதையும் மறைக்க முடியாது. தன் படத்தைப் பதிவேற்றாதவர் மற்றவர்களின் படங்களைப் பார்க்கவும் முடியாது.

அம்மாவுக்கு இதில் ஒன்று பிடித்திருந்தது. அலங்காரம் இல்லை என்பதுதான் அது. இன்ஸ்டகிராமில் ஒரு படத்தைப் போடுவதற்கு மகள் இருபது படங்கள் எடுத்துப் பத்தொன்பதை அழிப்பதை அவர் பார்த்திருக்கிறார். பிடிக்காதது, அந்த மணியோசை. எப்போது சாப்பிடுவது, எப்போது படிப்பது என்பதை வீட்டில் உள்ளவர்கள் முடிவு செய்யலாம். எப்போது படம் எடுப்பது என்பதை எங்கோ இருக்கும் ஒரு கணினி முடிவு செய்வதா?

"இலவசமாகத் தருகிறார்களே, பணம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார்.

மகள் தேடிப் பார்த்தாள். "இப்போது விளம்பரமே இல்லை, அம்மா. முதலீட்டாளர்கள் பணம் போட்டிருக்கிறார்கள்."

"இப்போது இல்லை, சரி," என்றார் அம்மா.

பின்னர், யோசனையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். மகளிடம் இதுவரை சொல்லாத ஒரு கதையைச் சொல்லத் தொடங்கினார்.

2004ஆம் ஆண்டில் அம்மா பல்கலைக்கழக மாணவி. அப்போது தென்கிழக்காசிய இளையர்களிடையே கொடிகட்டிப் பறந்தது ஃப்ரெண்ட்ஸ்டர் என்ற இணையத்தளம். நண்பர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் அதில் நல்ல வார்த்தைகளை எழுதிவைப்பார்கள். யாருக்கு அதிகமாக எழுதியிருக்கிறார்கள் என்பதில் போட்டியே நடக்கும். அம்மாவுடன் விடுதி அறையில் தங்கியிருந்த தோழி, அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். ஆங்கில எழுத்துகளில் எழுதிய தமிழ் அது. தேர்வுக்கு முதல்நாள் இரவு அம்மா அழுததையும், இருவரும் விடியற்காலை மூன்று மணிக்கு ஒரே கோப்பையில் மைலோ குடித்ததையும் அவர் அதில் எழுதியிருந்தார். படிப்பு முடிந்ததும் அந்தத் தோழி வேலைக்காகப் பெர்த் நகருக்குப் போய்விட்டார்.

சில ஆண்டுகளில் எல்லாரும் ஃபேஸ்புக்கிற்கு மாறினார்கள். ஃப்ரெண்ட்ஸ்டரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. 2009ஆம் ஆண்டின் இறுதியில் மலேசிய நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. 2011இல் அதை விளையாட்டுத் தளமாக மாற்றப்போவதாக அறிவித்தார்கள். பழைய படங்களும் செய்திகளும் மே 31ஆம் தேதிக்குப் பிறகு அழிக்கப்படும். வேண்டியவர்கள் அதற்குள் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம் என்று முன்கூட்டியே தெரிவித்தார்கள். அந்த மின்னஞ்சலை அம்மா பார்த்தார். மகளுக்கு அப்போது மூன்று வயது. அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் வேறு. 'பிறகு செய்துகொள்ளலாம்' என்று அம்மா ஒதுக்கிவைத்தார். ஜூன் மாதம் நினைவு வந்து பார்த்தபோது எல்லாம் போயிருந்தது. தவறு தம்முடையதுதான் என்று அவர் இன்றும் சொல்வார்.

"அந்தத் தோழியைக் கூப்பிட்டு மறுபடியும் எழுதித் தரச் சொல்லலாமே?" என்று மகள் கேட்டாள்.

"எண் இல்லை."

"எண்கூட இல்லையா? நெருங்கிய தோழி என்றீர்கள்!"

ஃபேஸ்புக்கில் அதே பெயரில் ஏராளமானோர் இருந்தார்கள். அவர்களுள் யார் அந்தத் தோழி என்று தெரியவில்லை. திருமணத்திற்குப் பிறகு பெயரை மாற்றிக்கொண்டாரோ என்னவோ. இணையத்தளத்தில்தான் எப்போதும் இருக்கிறாரே என்ற நம்பிக்கையில் அவருடைய தொலைபேசி எண்ணையோ முகவரியையோ அம்மா எங்கும் குறித்துவைக்கவில்லை. மகளின் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

இப்படி மறைந்துபோன தளங்கள் இன்னும் பல உண்டு. இந்தியாவிலும் பிரேசிலிலும் புகழ்பெற்றிருந்த ஆர்குட் 2014 செப்டம்பர் 30ஆம் தேதி மூடப்பட்டது. கூகுள் போன்ற பெரிய நிறுவனம் 2011இல் தொடங்கிய கூகுள் பிளஸ்கூட 2019 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. பணம் இல்லாமல் அது மூடப்படவில்லை. ஆள் இல்லாமல் மூடப்பட்டது. உலகத்தில் ஒரே ஒருவரிடம் மட்டும் தொலைபேசி இருந்தால் அது வெறும் பெட்டி. இரண்டாவது ஆள் வாங்கும்போதுதான் அதற்கு மதிப்பு வருகிறது. நூறாவது ஆள் வாங்கும்போது மதிப்பு பல மடங்காகிறது. சமூக ஊடகமும் அப்படியே. அதனால்தான் புதிய செயலி எதுவாயினும், உள்ளே வருபவரிடம் அது ஆவலோடு கேட்பது அவருடைய தொடர்பு எண்களின் பட்டியலை.

மகளின் பட்டியலில் 212 எண்கள் இருந்தன. பாட்டி, நடன ஆசிரியர், பல் மருந்தகம், துணைப்பாட வகுப்பில் ஒரு முறை பார்த்த பையன், எல்லாம் அதில் இருந்தன. சென்ற ஆண்டு இறந்துபோன தாத்தாவின் எண்ணும் இருந்தது. அதை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. 'அனுமதி' என்ற பொத்தானை ஒரு முறை அழுத்தினால் அத்தனையும் செயலியிடம் போய்விடும். அந்த 212 பேரில் யாரும் அதற்குச் சம்மதம் கொடுக்கவில்லை. சிங்கப்பூரில் 2012இல் நிறைவேற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தும் பதினான்கு வயதுப் பெண்ணின் விரலை அது பிடித்து நிறுத்தாது.

"தாத்தா எண்ணையுமா எடுத்துக்கொள்ளும்?" என்று மகள் கேட்டாள். அன்றிரவு அவள் செயலியில் சேரவில்லை.

மறுநாள் காலையில் சேர்ந்தாள். தொடர்பு எண்களுக்கு அனுமதி கொடுக்கவில்லை. ஏழு தோழிகளின் பயனர் பெயர்களைக் கேட்டு ஒவ்வொன்றாகத் தானே சேர்த்தாள். இருக்கும் இடத்தைக் காட்டும் வசதியை நிறுத்திவைத்தாள். பள்ளிச் சீருடையோ வீட்டு எண்ணோ தெரியும்படி படம் எடுப்பதில்லை என்று அம்மாவிடம் சொன்னாள். பிறகு, யாரும் சொல்லாமலேயே ஒரு வேலை செய்தாள். ஏழு பேரின் தொலைபேசி எண்களையும் பிறந்தநாள்களையும் ஒரு தாளில் எழுதி, அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினாள்.

முதல் மணி ஞாயிற்றுக்கிழமை மாலை 6.40க்கு ஒலித்தது. மகள் சமையலறைக்குள் ஓடினாள். பாட்டி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். திறன்பேசி தம் பக்கம் திரும்புவதைக் கண்டதும் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

"முன்னாலேயே சொன்னால் என்னவாம்? தலைகூடச் சீவவில்லையே!"

"சொல்லிவிட்டு எடுத்தால் அது உண்மைப் படம் இல்லையாம், பாட்டி."

"அப்படியானால் தேங்காயை எடு. அது ஒன்றும் சொல்லாது."

தேங்காயைத்தான் எடுத்தாள். அதற்குள் இரண்டு நிமிடங்கள் கடந்துவிட்டன. செயலி தாமதம் என்று காட்டியது. பிறகு தோழிகளின் படங்கள் திறந்தன. ஒன்றில் சுழலும் மின்விசிறி. இன்னொன்றில் பாதி முடித்த கணிதப் பயிற்சித்தாள். வேறொன்றில் பெருவிரைவு ரயிலில் யாருடைய காலணியோ. பார்ப்பதற்கு அவற்றில் ஒன்றுமே இல்லை. ஆனாலும், மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கணிதம் தனக்கு மட்டும்தான் முடியவில்லை என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தப் பாதித் தாள் பெரிய ஆறுதலாக இருந்தது. இப்படிப்பட்ட சிறிய மகிழ்ச்சியை வீண் என்று ஒதுக்குவது பெரியவர்களுக்கு எளிது.

நான்கு வாரங்கள் கழிந்தன. ஒரு சனிக்கிழமை மாலை, நடனப் பயிற்சி முடிந்து பேருந்துக்குக் காத்திருந்தபோது மணி ஒலித்தது. தன் படத்தைப் பதிவேற்றிவிட்டு மற்றவற்றைப் பார்த்தாள். அதே மூன்று தோழிகள், ஒரே மேசையில், ஐஸ்கிரீம் கிண்ணங்களோடு இருந்தார்கள். முன்பு திங்கட்கிழமை தெரிந்தது, இப்போது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சேராமல் இருந்ததால்தான் விடுபட்டோம் என்று எண்ணித்தான் அவள் சேர்ந்தாள். சேர்ந்த பிறகும் விடுபட்டுத்தான் இருந்தாள். அதை நேரலையில் பார்க்கும் வாய்ப்பு மட்டும் புதிதாகக் கிடைத்திருந்தது.

வீட்டிற்கு வந்து யாரிடமும் பேசவில்லை. அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டு விட்டுவிட்டார். இரவு ஒன்பது மணிக்கு மகள் அலமாரியைத் திறந்தாள். தாளிலிருந்த மூன்றாவது எண்ணை அழுத்தினாள். குறுஞ்செய்தி அன்று, அழைப்பு. அவர்கள் வயதில் யாரும் யாரையும் அப்படி அழைப்பதில்லை. அதனால் எதிர்முனையில் இருந்த தோழி, ஏதோ விபரீதம் என்று பயந்துவிட்டாள்.

"என்னை ஏன் கூப்பிடவில்லை?" என்று மகள் கேட்டாள். கேட்கும்போது அவள் குரல் நடுங்கியது.

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு தோழி, "உனக்குச் சனிக்கிழமைகளில் நடனம் இருக்குமே. கூப்பிட்டால் வர முடியவில்லையே என்று வருத்தப்படுவாய் என்று நினைத்தோம். உன்னிடமே கேட்டிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை," என்றாள்.

அவர்கள் நாற்பது நிமிடங்கள் பேசினார்கள். அந்தச் சனிக்கிழமைச் சந்திப்பும் சரி, முந்தையதும் சரி, பீரியலில் முடிவானவை அல்ல என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வழக்கமான வாட்ஸ்அப்பில், மூன்று பேர் மட்டும் இருந்த ஒரு சிறு குழுவில் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். அடுத்த சந்திப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது.

2023 ஜூன் விடுமுறைக்குள் ஏழு பேரில் இருவர்தான் பீரியலில் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜூலையில் திரெட்ஸ் என்ற புதிய செயலி வந்தது. ஐந்தே நாள்களில் பத்துக் கோடிப் பேர் அதில் சேர்ந்தார்கள். மகளுக்கும் அழைப்பு வந்தது. "எல்லாருமா?" என்று அம்மா கேட்டார். "நான்கு பேர்," என்று அவள் துல்லியமாகச் சொன்னாள். சேருவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தாள். அதற்குள் அந்த நால்வரில் இருவர் விலகிவிட்டார்கள்.

2024 ஜூனில், பிரெஞ்சு விளையாட்டுச் செயலி நிறுவனம் ஒன்று பீரியலை 50 கோடி யூரோவிற்கு வாங்குவதாகச் செய்தி வந்தது. மகள் அப்போது உயர்நிலை நான்கில் இருந்தாள். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள், செய்தியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்தாள். அன்று பிற்பகல் முழுவதும் தன் பழைய படங்களைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றாகத் திறன்பேசியில் சேமித்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குவளை மைலோவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

முதல் படம் வந்தபோது மகள் பாட்டியை அழைத்துக் காட்டினாள். துருவிய தேங்காய், துருவலில் புதைந்த இரண்டு கைகள், மூலையில் மூச்சு வாங்கும் அவள் முகம். பாட்டி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"என் கை மட்டும்தானா இருக்கிறது?" என்று கேட்டார்.